பறவை மோதாத ஜன்னலுக்குப் புள்ளிக் கோலம்: அனுமதி முதல் ஒட்டி முடிப்பது வரை

ஜன்னல் கண்ணாடியில் மோதிப் பறவை சாவதைத் தடுக்க, கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைச் செய்து முடிப்பதற்குள், குடியிருப்போர் சங்கம், ஸ்டிக்கர் கடை, உயரத்தில் ஏறி வேலை செய்ய ஆள், நடுவில் மழை என்று அலைந்து தீர்த்துவிட்டேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தனி வீட்டுக்காரர்கள் 4ஆம் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஏன் கோலம் என்று கேட்கலாம். சும்மா புள்ளி மட்டும் வைத்தாலும் பறவைக்குப் போதும். ஆனால் சுண்ணாம்பு தெறித்ததுபோல ஒரு ஜன்னலைத் தினமும் பார்க்க வீட்டில் யாருக்கும் பிடிக்காது. ஆறு மாதத்தில் பிய்த்துவிடுவார்கள். புள்ளி வைத்துக் கோடு இழுப்பது நமக்குப் பழகிய கை. அழகாக இருந்தால் அது அங்கேயே இருக்கும்.

1. முதலில் எந்தக் கண்ணாடி என்று கண்டுபிடியுங்கள்

எல்லா ஜன்னலுக்கும் செய்ய வேண்டியதில்லை. பறவைக்குக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதில் தெரியும் வேப்பமரத்தை நிஜ மரம் என்று நினைத்துத்தான் பாய்ந்து வருகிறது. அதனால் காலை ஆறரை, ஏழு மணிக்குக் கீழே இறங்கி, கட்டடத்தைச் சுற்றி நடந்து, மரமோ வானமோ தெளிவாகத் தெரியும் கண்ணாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மரத்தின் உச்சி எட்டும் உயரம் வரை, அதாவது பெரும்பாலும் தரைத்தளத்திலிருந்து நான்காம் மாடி வரைதான் ஆபத்து அதிகம். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்து ஊடே பார்க்கக்கூடிய மாடிப்படிக் கூண்டு, மூலையில் சேரும் இரண்டு கண்ணாடிகள், பால்கனியின் கண்ணாடிக் கைப்பிடி, இவை மூன்றையும் கட்டாயம் பாருங்கள்.

செத்த பறவையைத் தேடிக் கணக்கெடுக்காதீர்கள். விழுந்த சற்று நேரத்திலேயே பூனையோ காக்கையோ தூக்கிக்கொண்டு போய்விடும். காவலாளியிடமும் பெருக்க வரும் அக்காவிடமும் கேளுங்கள். எந்தப் பக்கம் அடிக்கடி கிடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடியிலேயே சாட்சி உண்டு. புறா மோதினால் அதன் இறகுத் தூள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இரண்டு சிறகு விரித்தபடி, நடுவில் மார்பின் வட்டம், சில சமயம் அலகின் கோடு கூட, வெள்ளைப் பொடியில் அச்சு எடுத்ததுபோல் இருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில், சாய்ந்த வெயிலில் தெரியும். துடைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். சங்கக் கூட்டத்தில் நீங்கள் பேசப்போவதைவிட அந்தப் படம் அதிகம் பேசும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். தேன்சிட்டோ கொண்டைக்குருவியோ வந்து உட்கார்ந்து, கண்ணாடியை டொக் டொக்கென்று திரும்பத் திரும்பக் கொத்துகிறது என்றால் அது மோதல் இல்லை. தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தானே அடங்கும். அதுவரை வெளியே ஒரு பழைய துணியைத் தொங்கவிட்டால் போதும். இந்தக் கட்டுரை வேகமாகப் பறந்து வந்து மோதுகிறவற்றுக்கு.

இன்னொன்று: ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கொசுவலை இருந்தால் அந்த ஜன்னலுக்கு எதுவும் வேண்டாம். வலையே போதும். சறுக்கு ஜன்னல்களில் வலை உள் தடத்தில் இருக்கிறதா, வெளித் தடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருந்தால் பயனில்லை.

2. அளவு: இதில் மட்டும் பேரம் கிடையாது

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 5 செ.மீ., அதாவது கடைக்காரர் மொழியில் 2 இன்ச். மேலும் கீழும், இடமும் வலமும் இதே அளவு. அதைவிடப் பெரிய சந்து கிடைத்தால் சிறு பறவை அதில் நுழைந்துவிடலாம் என்று நினைத்துப் பாயும். புள்ளியின் குறுக்களவு குறைந்தது 6 மி.மீ.; நான் 1 செ.மீ. என்று சொல்வேன், காரணம் பிறகு. கோடு என்றால் அகலம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

1 செ.மீ. புள்ளியை 5 செ.மீ.க்கு ஒன்று வீதம் வைத்தால் கண்ணாடியில் நூற்றில் மூன்று பங்குதான் மறையும். வெளிச்சம் குறையுமே, கடல் தெரியாமல் போகுமே என்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நிறம் வெள்ளை. கண்ணாடியில் தெரியும் மரநிழல் இருட்டாக இருக்கும். அதன் மேல் வெள்ளை எடுப்பாகத் தெரியும். கறுப்பு, பச்சை எல்லாம் பிரதிபலிப்புக்குள் மறைந்துவிடும். ஓரங்களையும் மறக்காதீர்கள்: கடைசிப் புள்ளிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருந்தால் பறவைக்கு அது பறந்து போகும் வழிபோலத் தோன்றும். சட்டத்திலிருந்து 2.5 செ.மீ. விட்டு முதல் புள்ளியை ஆரம்பியுங்கள். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் 24 வரிசை, வரிசைக்கு 24 புள்ளி, ஆக 576.

வெளிப்பக்கம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். உள்ளே ஒட்டினால் வேலை சுலபம், மழை படாது, அனுமதிகூட வேண்டாம். ஆனால் வெளிக் கண்ணாடி மேல் மரம் பிரதிபலித்துக்கொண்டே இருக்கும். உள்ளே ஒட்டிய புள்ளி பகலில் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. உள்ளே ஒட்டிக் கொடுக்க முன்வரும் கடைக்காரர் உங்களுக்கு ஜன்னல் அலங்காரம் செய்கிறார், அவ்வளவுதான்.

சில கண்கட்டு வித்தைகள்: பருந்து உருவம் போட்ட ஒற்றை ஸ்டிக்கர் வேலை செய்யாது, பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் மோதும். வெயில் தடுக்க ஒட்டும் பளபளா ஃபிலிம் நிலைமையை மோசமாக்கும், அது முழுக்கண்ணாடியையும் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிவிடும்.

3. கோலத்தை வரைவது

நேர்ப்புள்ளிக் கோலம் எடுங்கள். இடுக்குப்புள்ளியிலும் செய்யலாம், ஆனால் இடைவெளிக் கணக்கு குழப்பும். கண்ணாடி முழுவதற்கும் புள்ளி வைத்துவிட்டு, அதே புள்ளிகளில் நடுவே 7க்கு 7 அல்லது 9க்கு 9 எடுத்துச் சிக்குக் கோலம் போடுங்கள். கோடு நமக்கு, புள்ளி பறவைக்கு. இப்படிச் செய்தால் கோலம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாதுகாப்பு குறையாது. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: நடுவில் ஒரு பெரிய தாமரை, சுற்றிலும் வெறும் கண்ணாடி. படம் எடுக்க அழகு, பறவைக்குப் பிரயோசனம் இல்லை.

வரைந்ததைச் சோதிக்க ஓர் அட்டையில் 5 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். முழு அளவில் அச்செடுத்த கோலத்தின் மேல் அதை நகர்த்துங்கள். எங்கேயாவது அட்டை எந்தப் புள்ளியையும் கோட்டையும் தொடாமல் உட்கார்ந்தால் அங்கே இன்னொரு புள்ளி வேண்டும். வளைவுகளுக்குள் புள்ளியை எடுத்துவிட்டு வெறும் கோடாக விடும் வடிவங்களில் இந்த ஓட்டை அடிக்கடி வரும்.

உங்களுக்குக் கணினியில் வரையத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஒரு கட்டம் 5 செ.மீ. என்று எழுதிக் கொடுத்தால் ஸ்டிக்கர் கடைகளில் கோரல் டிராவில் போட்டுவிடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்பார்கள். படத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பி "இதையே பெரிசு பண்ணுங்க" என்றால் மட்டும் இடைவெளி 5 என்பது 6, 7 ஆகிவிடும். வெட்டுவதற்கு முன் திரையில் இரண்டு புள்ளிக்கு நடுவே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

உருவங்கள், தீபம், ஓம் எதுவும் வேண்டாம். கோலம் என்றதுமே "எல்லா மதத்தினரும் இருக்கும் கட்டடம் சார்" என்று ஒருவர் எழுந்திருப்பார். புள்ளியும் வளைகோடும் மட்டும் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

4. அனுமதியும் காகிதமும்

நேரம் அதிகம் போவது இங்கேதான். கண்ணாடி உங்களுடையது, ஆனால் கட்டடத்தின் வெளித்தோற்றம் எல்லோருக்கும் பொது. பெரும்பாலான சங்க விதிகளில் வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். உங்கள் சங்கத்தின் விதிப்புத்தகத்தை வாங்கி அந்த வரியை முதலில் படியுங்கள். சில விதிகள் நிறம், கம்பி, பால்கனி அடைப்பு என்று பெயர் சொல்லித் தடுக்கும்; ஸ்டிக்கர் அதில் இல்லையென்றால் செயலாளரின் கடிதமே போதும். பொதுவாகச் சொல்லியிருந்தால் செயற்குழுத் தீர்மானம் கேளுங்கள். மாடிப்படி, வரவேற்புக் கூடம்போலப் பொது இடத்துக் கண்ணாடி என்றால் பொதுக்குழுவில் வைப்பதுதான் நல்லது.

தேவைப்படும் காகிதங்கள்: உங்கள் விண்ணப்பம், மோதல் அச்சுப் படங்கள், கோலத்தின் அச்சுப் பிரதி அளவுகளோடு, ஒரு ஜாண் மாதிரி ஸ்டிக்கர். வாடகைக்கு இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில். வாட்ஸாப்பில் "ஓகே" என்று வந்த கட்டைவிரலை நம்பாதீர்கள், மின்னஞ்சலாவது வாங்குங்கள். விண்ணப்பம் இப்படி இருந்தால் போதும்:

"எங்கள் வீட்டின் கிழக்குப் பக்க ஜன்னல்களில் பறவைகள் மோதி இறக்கின்றன, படங்கள் இணைத்துள்ளேன். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 1 செ.மீ. வெள்ளைப் புள்ளிகளை 5 செ.மீ. இடைவெளியில் ஒட்ட அனுமதி கோருகிறேன். துளையிடுதலோ சட்டத்தை மாற்றுதலோ இல்லை. செலவு முழுவதும் என்னுடையது. சங்கம் கேட்டால் 15 நாளில் சேதமின்றி அகற்றித் தருவேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கையெழுத்து வாங்கித் தருவது அதுதான். அனுமதி கிடைத்ததும் தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மாறுவார்கள், புதிதாக வருபவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. எங்கள் சங்கத்தில் முதலில் தந்த கடிதம் கோப்பிலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொடுக்கும்போதே நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கியிருந்ததால் தப்பித்தேன்.

"இது உண்மையிலேயே வேலை செய்யுமா?" என்று கேட்பார்கள். சிகாகோவில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற மாநாட்டு அரங்கில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்தை நெருங்கும் பறவைகள் மோதிச் செத்தன. 2024இல் அந்தக் கண்ணாடி முழுக்க இதே 2 இன்ச் இடைவெளியில் புள்ளி ஒட்டினார்கள். அந்தப் பருவத்தில் சாவு ஏறத்தாழ 95 சதவீதம் குறைந்தது. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். கூட்டத்தில் நீண்ட சொற்பொழிவு ஆற்றினால் எதிர்ப்புதான் வளரும். வேண்டுமானால் முந்தின நாளே ஒரு கண்ணாடியில் குளியல் சோப்புக் கட்டியால் புள்ளி வைத்துக் காட்டுங்கள். துடைத்தால் போய்விடும், பார்க்காமலே பயப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்து.

புது வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. ரெரா என்ற வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி வீட்டை ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுகளுக்குக் கட்டுமானக் குறைகளுக்கு பில்டர்தான் பொறுப்பு. கண்ணாடி முழுவதையும் மூடும் அடர்நிற ஃபிலிம் வெயிலை உறிஞ்சிச் சாதாரணக் கண்ணாடியை விரிசல் விடச் செய்யலாம். அப்போது "நீங்கள் ஒட்டியதால்தான்" என்று கைகழுவ அவருக்கு வாய்ப்பு. தனித்தனி வெள்ளைப் புள்ளியில் அந்தச் சிக்கல் இல்லை. தெருவைப் பார்த்த கண்ணாடியில் ஸ்பான்சர் பெயர், கடை லோகோ எதையும் சேர்க்காதீர்கள். அது விளம்பரம் ஆகிவிடும், மாநகராட்சி விவகாரம் ஆகிவிடும்.

5. பொருளும் செலவும்

கடைக்குப் போய் "வெளியில் ஒட்டும் வெள்ளை வினைல், பிளாட்டர் கட்டிங், ட்ரான்ஸ்ஃபர் டேப்போடு" என்று கேளுங்கள். வினைல் என்பது பிளாஸ்டிக் ஸ்டிக்கர் தாள்; பிளாட்டர் அதை வெட்டும் இயந்திரம்; வெட்டிய புள்ளிகள் இடம் மாறாமல் கண்ணாடிக்குப் போக மேலே ஒட்டித் தருவது ட்ரான்ஸ்ஃபர் டேப். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் எந்தக் கடையும் செய்யும்; சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் போனால் ஒப்பிட்டுப் பார்க்க நிறையக் கடைகள். வினைலில் காஸ்ட், காலண்டர்டு என்று இரண்டு வகை. காலண்டர்டு மலிவு, ஆனால் நம் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடத்தில் சுருங்கி ஓரம் தூக்கும். காஸ்ட் ஐந்தாறு வருடம் தாங்கும். வெளிக்கண்ணாடிக்கு மறுபடி மறுபடி ஆள் ஏற்ற முடியாது என்பதால் காஸ்ட்தான் லாபம்.

நான் விசாரித்தபோது வெட்டுக்கூலியோடு சதுர அடிக்கு 80 முதல் 150 ரூபாய் வரை சொன்னார்கள். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் 16 சதுர அடி. ஆக 1,280 முதல் 2,400, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. புள்ளி 1 செ.மீ. இருக்கட்டும் என்றேனே, காரணம் இதுதான்: 6 மி.மீ. புள்ளி வெட்டும்போதே கத்தியோடு பிய்ந்து வரும், ஒட்டிய பிறகும் ஓரம் பிடிக்காது.

பால்கனிக் கண்ணாடிபோல நின்றுகொண்டே கை எட்டும் இடம் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். முழு அளவுத் தாளை உள்பக்கம் ஒட்டிவிட்டு, வெளிப்பக்கம் வெள்ளை ஆயில் பெயின்ட் மார்க்கரால் அதன் மேலேயே வரையலாம். ஒரு மார்க்கர் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தண்ணீரில் கரையும் மார்க்கர் முதல் மழையிலேயே ஒழுகும், பார்த்து வாங்குங்கள். மாக்கோலம் போடலாமே என்று கேட்ட பாட்டிக்கும் பதில்: போடலாம், எறும்பும் அணிலும் வாழ்த்தும், அடுத்த நாள் மறுபடி போட வேண்டும்.

இன்னும் மலிவான வழி கயிறு. 3 மி.மீ. நைலான் கயிறுகளை ஜன்னலுக்கு வெளியே மேலிருந்து கீழாக 10 செ.மீ. இடைவெளியில் தொங்கவிடுவது. இதுவும் நிரூபிக்கப்பட்ட முறை. கயிற்றின் கீழ்முனையைக் கட்டாமல் காற்றில் லேசாக ஆட விட்டுவிடலாம். 4 அடி அகலத்துக்கு ஒரு டசன் கயிறு. அழகில் கோலத்துக்கு ஈடாகாது, ஆனால் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுதான் என் சிபாரிசு.

பெரிய செலவு ஆள் கூலி. ஜன்னலுக்கு வெளியே எட்டிப்பார்த்து நீங்களே ஒட்டும் எண்ணம் முதல் மாடியானாலும் வேண்டாம். கயிற்றில் இறங்கி வேலை செய்பவர்களை வைத்தால் பாதுகாப்புப் பெல்ட்டும் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்டு, காப்பீட்டுச் சான்றின் நகலைச் சங்கத்திடம் கொடுங்கள். கூலி நாளுக்குப் பேசுவார்கள், ஜன்னலுக்கு அல்ல. அதனால் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டால் ஆளுக்குச் சொற்பம்தான் வரும். இதைவிட நல்ல யோசனை, கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கச் சாரம் கட்டும் வருடம் வரை காத்திருந்து, பெயின்ட் காய்ந்ததும் அதே சாரத்தில் ஒட்டிவிடுவது.

6. எப்போது

ஆவணி முடிவதற்குள் ஒட்டி முடியுங்கள். புரட்டாசியில், அதாவது செப்டம்பர், அக்டோபரில், வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் இறங்க ஆரம்பிக்கும். ஆறுமணிக்குருவி இரவில் பயணிக்கும் பறவை. விடியும்போது களைத்துப்போய் ஏதோ ஒரு மாடிப்படிக்குள் நுழைந்து கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களில் இருப்பவர்களுக்கு மரகதப்புறாவும் உண்டு; தாழ்வாக, அம்புபோலப் பறக்கும், கண்ணாடி தெரியாது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் பசையும் பிடிக்காது, ஆளும் ஏற மாட்டார்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டால்: ஒட்டுவது ஆகஸ்டில், கடைக்கு ஆர்டர் ஜூலைக் கடைசியில், சங்கக் கடிதம் மே அல்லது ஜூனில். செயற்குழு மாதம் ஒருமுறைதான் கூடும். ஒரு கூட்டம் தள்ளிப்போகும் என்று வைத்துக்கொண்டே தேதி குறியுங்கள். புரட்டாசி நெருங்கியும் அனுமதி வரவில்லையென்றால் மாடிப்படி விளக்குகளை இரவு பத்துக்கு மேல் அணைக்கவாவது சொல்லுங்கள். வெளிச்சம்தான் இரவுப் பறவைகளைக் கட்டடத்துப் பக்கம் இழுக்கிறது.

7. ஒட்டும் நாள்

காலை எட்டு மணிக்குள் ஆரம்பியுங்கள். கண்ணாடி சுட ஆரம்பித்தால் வினைல் இழுபடும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரம் என்றால் கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. முதலில் நல்ல தண்ணீர், அப்புறம் வினிகர் கலந்த தண்ணீர், கடைசியாக ஸ்பிரிட் நனைத்த துணி. விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வர வேண்டும்.

பெரிய ஸ்டிக்கருக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவார்கள். புள்ளிகளுக்கு அது வேண்டாம், வழுக்கிக்கொண்டு இடம் மாறும். உலர்வாகவே ஒட்டச் சொல்லுங்கள். 24 வரிசையையும் ஒரே தாளாக ஒட்டாமல், நான்கைந்து வரிசை கொண்ட பட்டைகளாக வெட்டித் தரக் கடையிலேயே கேளுங்கள். மேலே ஒரு நூல் கட்டி நேர்கோடு பிடித்துக்கொண்டு முதல் பட்டையை ஒட்டினால் மற்றவை தானே நேராக வரும். டேப்பை உரிக்கும்போது கண்ணாடியோடு ஒட்டிச் சாய்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது.

ஜன்னலோரம் பறவைக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பவரா நீங்கள்? கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால். நடுவில் வைத்தால் பயந்து கிளம்பும் பறவை முழு வேகத்தில் வந்து மோதும்.

8. அதற்குப் பிறகும் ஒன்று அடிபட்டால்

குறையும், பூஜ்யம் ஆகாது. விழுந்த பறவையைத் துணியால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டும் அமைதியுமான இடத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள். தெளிந்துவிட்டால் கண்ணாடி இல்லாத பக்கம் போய்ப் பெட்டியைத் திறங்கள், பறந்துவிடும். சிறகு தொங்கினால் வனத்துறைக்கோ, வேளச்சேரி புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்கோ உடனே கொண்டுபோங்கள். அழகாக இருக்கிறது, பிழைக்கட்டும் என்று கூண்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆறுமணிக்குருவிக்கும் பச்சைக்கிளிக்கும் அதே சட்டம்தான்.

9. துடைப்பவரிடம் சொல்ல வேண்டியது

கண்ணாடி துடைக்கும் ஒப்பந்தக்காரர் வருடத்துக்கு ஓரிரு முறை வருவார், பிளேடு வைத்த சுரண்டியோடு. அவருக்குப் புள்ளி என்றால் கறை. அவர் வரும் முன் செயலாளரிடம் சொல்லி, வேலை உத்தரவிலேயே "கிழக்குப் பக்கக் கண்ணாடியில் சுரண்டி கூடாது, ரப்பர் துடைப்பான் மட்டும்" என்று ஒரு வரி எழுத வைத்துவிடுங்கள். உதிர்ந்த இடத்தில் ஒட்ட, ஆர்டர் கொடுக்கும்போதே ஐம்பது புள்ளி கூடுதலாக வாங்கி, வெயில் படாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். சுருட்டி வைத்தால் டேப்பிலிருந்து கழன்றுவிடும்.